பிரிட்டனில் சாப்பாட்டு ஆங்கிலம்: கடையில் வரிசையில் நிற்கும் முன் படித்துக்கொள்ள வேண்டியவை

ஆங்கிலத் தேர்வு எழுதி, விசா வாங்கி, வேலையிலும் சேர்ந்த பிறகு சாண்ட்விச் கடையில் போய் நின்றால் வாய் அடைத்துப்போகும். நம் ஆங்கிலத்தில் குறை ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு இங்கே ஊருக்கு ஊர் ஓர் ஆங்கிலம் இருக்கிறது. லீட்ஸில் ஒரு பெயர், நாட்டிங்ஹாமில் வேறு, கிளாஸ்கோவில் மூன்றாவது. போதாததற்கு நாம் பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய 'லேடீஸ் ஃபிங்கர்', 'கர்ட்', 'டிரம்ஸ்டிக்' எல்லாம் பலருக்குப் புரியாது. புரிந்தால் வேறு பொருளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

யார்க்‌ஷயரில் குடியேறித் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். எந்தச் சொல் தவறினால் கெடுதல் அதிகமோ அது முதலில் வரும். வேண்டாத மாமிசம், ஒவ்வாமை இவை முன்னால். பன்னுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் பின்னால்.

1. 'வெஜ்' என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள்

நம் ஊரில் 'வெஜ்' என்றால் சைவம். இங்கே 'வெஜ்' என்றால் வெறும் காய்கறி. மெனுவில் 'சீசனல் வெஜ்' என்று பார்த்துவிட்டு ஆர்டர் செய்தால், வறுத்த கோழிக்குப் பக்கத்தில் கேரட்டும் பட்டாணியும் வரும். 'நான்வெஜ்' என்ற சொல்லோ இங்கே புழக்கத்திலேயே இல்லை.

சொல்ல வேண்டியது 'வெஜிடேரியன்'. அதிலும் ஒரு சிக்கல்: இங்கத்திய வெஜிடேரியனில் முட்டை அடக்கம். மயோனைஸ், கேக், க்வார்ன் என்ற பெயரில் விற்கும் மாமிசமில்லாத உருண்டைகளில் பல, எல்லாவற்றிலும் முட்டை இருந்தாலும் 'வெஜிடேரியன்' முத்திரை தாராளமாக இருக்கும். மீன் சாப்பிடுவீர்களா என்றும் சிலர் கேட்பார்கள். கிண்டல் செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், மீன் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இங்கே நிறைய.

ஆகவே விளக்கம் கொடுக்காமல் பட்டியலாகச் சொல்லிவிடுங்கள்: "நோ மீட், நோ ஃபிஷ், நோ எக்ஸ். மில்க் இஸ் ஃபைன்." இதை ஃபோனில் எழுதி வைத்துக்கொண்டு காட்டினாலும் சரி. முட்டை வேண்டாம் என்றால் 'வீகன்' மெனுவைக் கேட்பது குறுக்குவழி. ஆனால் வீட்டில் யாருக்காவது பால், முட்டை ஒவ்வாமை இருந்தால் 'வீகன்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அது உணவுமுறையைச் சொல்லும் சொல். தயாரிக்கும் இடத்தில் துளி பால்கூடக் கலந்திருக்காது என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

2. லேபிளை எப்படிப் படிப்பது

இந்தியப் பொட்டலத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி இங்கே கட்டாயமில்லை. பச்சை நிறம் என்பதாலேயே சைவம் என்று அர்த்தம் இல்லை. வாக்கர்ஸ் க்ரிஸ்ப்ஸில் பச்சைப் பாக்கெட் உப்பும் வினிகரும் போட்டது, நீலப் பாக்கெட் சீஸும் வெங்காயமும் போட்டது. வேறு சில கம்பெனிகளில் இது அப்படியே தலைகீழ்.

பின்பக்கத்துப் பொருள் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்களைத் தனியாகத் தெரியும்படி காட்ட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். முட்டை, பால், மீன், இறால் வகை, சிப்பி வகை, எள், கடுகு, நிலக்கடலை எல்லாம் அதில் அடக்கம். முட்டை இருக்கிறதா என்று தேட இதைவிட வேகமான வழி இல்லை.

பலர் ஏமாறுவது அடுத்த கட்டத்தில். தடித்த எழுத்தை மட்டும் மேய்ந்துவிட்டுப் பாக்கெட்டைக் கூடையில் போட்டுவிடுவார்கள். மாட்டிறைச்சியும் பன்றியும் ஜெலட்டினும் அந்தப் பதினான்கில் இல்லை, அதனால் சாதாரண எழுத்தில்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு வாங்கும் ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, சில யோகர்ட் வகைகளில் ஜெலட்டின் இருக்கும். 'சூயட்' என்றால் மாட்டின் அல்லது ஆட்டின் கொழுப்பு, 'லார்ட்' பன்றிக்கொழுப்பு, 'ட்ரிப்பிங்' பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பு. 'கார்மின்' அல்லது இ120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். அசல் பார்மசான் சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் (பாலை உறையவைக்கும் பொருள்) சேர்த்தது. வூஸ்டர் சாஸில் வழக்கமாக நெத்திலி வகை மீன் இருக்கும். இந்தச் சொற்களை ஒரு முறை மனப்பாடம் செய்துவிட்டால் போதும், பிறகு கண்ணே தேடிக்கொள்ளும்.

தேதி இரண்டு விதம். 'யூஸ் பை' தாண்டினால் தொடாதீர்கள், அது பாதுகாப்பு பற்றியது. 'பெஸ்ட் பிஃபோர்' தாண்டினால் ருசி கொஞ்சம் இறங்கியிருக்கலாம், அவ்வளவுதான். சாயங்காலத்துக்கு மேல் போனால் தேதி முடியப்போகும் பொருள்களில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைத்திருப்பார்கள்.

3. பெயரை வைத்து உள்ளே இருப்பதை ஊகிக்காதீர்கள்

'புட்டிங்' என்ற ஒரு சொல்லே போதும், ஆளைக் கவிழ்க்க. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் எந்த இனிப்பும் பொதுவாக 'புட்டிங்'. யார்க்‌ஷயர் புட்டிங்கில் இனிப்பே இல்லை. மாவும் முட்டையும் பாலும் கலந்து சுட்டது, பல இடங்களில் மாட்டுக்கொழுப்பு விட்ட தட்டில். ப்ளாக் புட்டிங் பன்றி ரத்தத்தில் செய்தது. கிறிஸ்துமஸ் புட்டிங் இனிப்புதான், ஆனால் பழைய முறையில் சூயட்டும் பிராந்தியும் சேரும்.

'மின்ஸ்' என்றால் கொத்துக்கறி, எந்தக் கறி என்று சொல்லாவிட்டால் பெரும்பாலும் மாடு. டிசம்பரில் அலுவலகத்தில் நீட்டப்படும் 'மின்ஸ் பை'யில் கறி கிடையாது. உலர்ந்த திராட்சையும் மசாலாவும்தான். அதில் சேரும் கொழுப்பு காய்கறிக் கொழுப்பா, மாட்டுக்கொழுப்பா என்று மட்டும் பெட்டியில் பாருங்கள். 'ஸ்வீட்பிரெட்' இனிப்பும் இல்லை, ரொட்டியும் இல்லை. கன்று, ஆட்டுக்குட்டியின் சுரப்பிகள். 'போர்க் ஸ்க்ராச்சிங்ஸ்' பப்பில் கொறிக்கத் தரும் வறுத்த பன்றித்தோல். 'கேமன்', 'ரேஷர்' என்று பார்த்தாலும் பன்றிதான்.

'மட்டன்' நம் ஊரில் வெள்ளாடு. இங்கே அது வயதான செம்மறி. வெள்ளாட்டுக்கறி வேண்டுமானால் ஹலால் கடையில் 'கோட்' என்று கேட்க வேண்டும்.

4. சிப்ஸ் கடை

இதற்குத் தனித் தலைப்பு தேவை. குளிரில் வேலை முடிந்து வருகிற வழியில் நம் பட்ஜெட்டுக்கு ஏற்ற சூடான சாப்பாடு இந்தக் கடையில்தான். தடுமாறுவதும் இங்கேதான் அதிகம்.

முதலில் அடிப்படை. 'சிப்ஸ்' என்றால் தடித்து நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு. நம் பாக்கெட் சிப்ஸ் இங்கே 'க்ரிஸ்ப்ஸ்'.

சைவம் சாப்பிடுபவர்களும், மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும், ஹலால் பார்ப்பவர்களும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "வாட் டு யூ ஃப்ரை இன்?" யார்க்‌ஷயரில் 'பீஃப் ட்ரிப்பிங்'கில் பொரிப்பது மிகச் சாதாரணம், அதைப் பெருமையாகப் பலகையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். தெற்கே பெரும்பாலும் தாவர எண்ணெய். அங்கும் மீன் பொரித்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கையும் போடலாம், அதையும் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், தினமும் கேட்கப்படும் கேள்வி அது.

அடுத்து 'ஸ்காலப்'. லண்டன் உணவகத்தில் இது கடல் சிப்பி, விலையும் அதற்கேற்ப. வடக்கே சிப்ஸ் கடையில் ஸ்காலப் என்பது மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு வட்டம், கிட்டத்தட்ட நம் பஜ்ஜி. இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸில் இதையே 'பொட்டேட்டோ ஃப்ரிட்டர்' என்பார்கள். யார்க்‌ஷயரில் 'ஃபிஷ்கேக்' என்றால் இரண்டு உருளைக்கிழங்கு வட்டத்துக்கு நடுவே மீன் வைத்துப் பொரித்தது. மற்ற இடங்களில் மீனும் மசித்த கிழங்கும் கலந்த வடை. ஹல் நகரத்தில் 'பேட்டி' என்று கேட்டால் சேஜ் இலை சேர்த்து மசித்த உருளைக்கிழங்கைப் பொரித்துத் தருவார்கள். அந்த ஊரில் சிப்ஸ் மேல் தூவும் 'சிப் ஸ்பைஸ்' மிளகாய்த்தூள் ஏக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும், நம் காரத்தை எதிர்பார்க்காதீர்கள்.

'ஸ்க்ராப்ஸ் வேணுமா?' என்று கேட்டால் பயப்பட வேண்டாம், எண்ணெயில் உதிர்ந்த மாவுத்துணுக்குகள். பல கடைகளில் இலவசம்.

ஸ்காட்லாந்தில் கணக்கு வேறு. 'ஃபிஷ் சப்பர்' என்றால் மீனோடு சிப்ஸும் சேர்த்து, எந்த நேரத்தில் வாங்கினாலும் அது 'சப்பர்'தான். மீன் மட்டும் வேண்டுமானால் 'சிங்கிள் ஃபிஷ்'. இது தெரியாமல் 'ஃபிஷ் சப்பர், அண்ட் சிப்ஸ்' என்று கேட்டால் இரண்டு பங்கு சிப்ஸுக்குப் பணம் கட்டுவீர்கள். எடின்பரோவில் 'சால்ட் அண்ட் சாஸ்?' என்பார்கள், வினிகர் கலந்து நீர்க்கவைத்த பழுப்பு சாஸ். கிளாஸ்கோவில் அதே இடத்தில் உப்பும் வினிகரும்.

நேரத்தையும் கவனியுங்கள். பல சிப்ஸ் கடைகள் மதியம் கொஞ்ச நேரம் திறந்து, மூடி, சாயங்காலம் மறுபடி திறக்கும்.

5. பன்னுக்கு எத்தனை பெயர்

மான்செஸ்டரில் 'பார்ம்', நாட்டிங்ஹாம், டார்பி, லெஸ்டரில் 'காப்', கவன்ட்ரியில் 'பாட்ச்', நியூகாசிலில் பெரிய தட்டையான 'ஸ்டாட்டி', ஓல்டம் பக்கம் 'மஃபின்', ஸ்காட்லாந்தில் 'ரோல்'. எல்லாம் ஏறக்குறைய அதே உருண்டை ரொட்டிதான். எங்கும் 'பிரெட் ரோல்' என்றால் புரியும், அதனால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம்: 'டீகேக்'. வெஸ்ட் யார்க்‌ஷயரில் இது சாதாரண பன். உள்ளே சீஸும் வைப்பார்கள், பன்றியும் வைப்பார்கள். தெற்கே திராட்சை போட்ட இனிப்பு பன். ஸ்காட்லாந்தில் சாக்லேட் பூசிய மார்ஷ்மெல்லோ உருண்டை. 'பட்டி' என்றால் வடக்கே சாண்ட்விச். 'சிப் பட்டி' ரொட்டிக்குள் சிப்ஸ். கிளாஸ்கோவில் சாண்ட்விச்சுக்கு 'பீஸ்'.

அப்புறம் 'டிஃபன்'. பேக்கரியில் இந்தப் பெயரைப் பார்த்ததும் இட்லி ஞாபகம் வரும். பிஸ்கட்டை நொறுக்கிச் சாக்லேட்டோடு கலந்து குளிரவைத்த துண்டு அது.

6. டின்னர் மதியமா, ராத்திரியா

வடக்கிலும் மிட்லண்ட்ஸிலும் பலருக்கு மதியச் சாப்பாடுதான் 'டின்னர்'. மாலை ஐந்து, ஆறு மணிக்குச் சாப்பிடும் முழுச் சாப்பாடு 'டீ'. தெற்கே மதியம் 'லஞ்ச்', ராத்திரி 'டின்னர்'. 'சப்பர்' என்பது வடக்கே படுக்கும் முன் கொறிப்பது. தெற்கே வசதியான வீடுகளில் அதுவே ராத்திரிச் சாப்பாடு.

பக்கத்து வீட்டுக்காரர் "கம் ரவுண்ட் ஃபார் யுவர் டீ" என்றால் என்ன செய்வது? நேரத்தைக் கேளுங்கள். மூன்று மணி என்றால் தேநீரும் கேக்கும். ஐந்தரை என்றால் சாப்பாடு, வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் உணவுக் கட்டுப்பாட்டை அழைத்த அன்றே சொல்லிவிடுங்கள். நம் ஊரைப் போல வந்த பிறகு இன்னொரு குழம்பு வைத்துச் சமாளிக்க மாட்டார்கள், ஆளுக்கு எண்ணிச் சமைத்திருப்பார்கள்.

வேலையிடத்தில் கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு 'பேக்டு லஞ்ச்'. யார்க்‌ஷயரில் 'பேக்-அப்' என்றும், நியூகாசில் பக்கம் 'பெய்ட்' என்றும், நாட்டிங்ஹாம் பக்கம் 'ஸ்னாப்' என்றும் காதில் விழும்.

7. பள்ளிக்கூடப் படிவம்

'ஸ்கூல் டின்னர்' என்றால் மதியச் சாப்பாடு. இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ரிசப்ஷன் (இயர் 1-க்கு முந்தைய வகுப்பு), இயர் 1, இயர் 2 பிள்ளைகள் எல்லோருக்கும் அது இலவசம், பெற்றோர் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. லண்டனில் அரசுத் தொடக்கப் பள்ளி முழுவதற்கும், வேல்ஸில் எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும், ஸ்காட்லாந்தில் பி1 முதல் பி5 வரைக்கும் (தொடக்கப் பள்ளியின் முதல் ஐந்து வகுப்புகள்) உண்டு. மற்றவர்களில் பலர் 'டின்னர் மணி' கட்ட வேண்டும், பெரும்பாலும் ஆன்லைனில்.

சேர்க்கைப் படிவத்தில் 'டயட்டரி ரிக்வயர்மென்ட்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். 'வெஜ்' என்று எழுதாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். மாமிசம், மீன், முட்டை, ஜெலட்டின் எது எது கூடாதோ தனித்தனியாக எழுதுங்கள். ஜெலட்டினை எழுத மறந்தால் ஜெல்லி கொடுக்கும் நாளில் பிரச்சினை. ஒவ்வாமை என்றால் மருத்துவர் கடிதம் கேட்பது வழக்கம். புதிதாக ஜிபியில் (குடும்ப மருத்துவரிடம்) பதிவு செய்து அந்தக் கடிதம் வாங்க நாளாகும், ஆகவே பள்ளி திறக்கும் வாரம் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டிலிருந்து கொடுத்தனுப்பினால் நட்ஸ் தடை இருக்கிறதா என்று பாருங்கள். பல பள்ளிகளில் இருக்கிறது. வேர்க்கடலைச் சட்னி, முந்திரி போட்ட பொங்கல் எல்லாம் அதில் மாட்டும்.

8. காய்கறி, மளிகை

கத்தரிக்காய் 'ஓபர்ஜீன்'. வெண்டைக்காய் 'ஓக்ரா'. குடைமிளகாய் வெறும் 'பெப்பர்'. முள்ளங்கி 'மூலி', சூப்பர்மார்க்கெட்டில்கூட. சேப்பங்கிழங்கு 'எடோ'. முருங்கைக்காயை 'டிரம்ஸ்டிக்' என்று கேட்டால் கோழிக்கால் இருக்கும் அலமாரிக்குக் கைகாட்டுவார்கள். 'லெமன்' என்று நாம் சொல்லும் சின்ன எலுமிச்சைக்கு நெருக்கமானது இங்கே 'லைம்'. 'லெமன்' பெரிய மஞ்சள் பழம், வாசமே வேறு. சின்ன வெங்காயத்துக்குப் பக்கத்தில் வருவது 'ஷாலட்'. அதை 'ஸ்காலியன்' என்று குழப்பிக்கொண்டால் வெங்காயத்தாள் கிடைக்கும், குறிப்பாக வட அயர்லாந்தில்.

தயிருக்கு 'கர்ட்' என்று தேடாதீர்கள். 'லெமன் கர்ட்' ரொட்டியில் தடவும் இனிப்பு, முட்டை போட்டது. தேட வேண்டியது 'நேச்சுரல் யோகர்ட்'. உறை ஊற்ற, உயிருள்ள கல்ச்சர் என்று எழுதியிருப்பது. பாலில் 'ஹோல் மில்க்' எடுத்தால்தான் தயிர் கெட்டியாக வரும். மூடி நிறம் வழக்கமாக நீலம், ஆனால் கடைக்குக் கடை மாறுகிறது, பெயரைப் படியுங்கள்.

மைதா 'ப்ளெயின் ஃப்ளவர்'. பக்கத்திலேயே இருக்கும் 'செல்ஃப் ரெய்ஸிங்'கில் பேக்கிங் பவுடர் கலந்திருக்கும், பரோட்டா பாழாகும். ரவை 'செமலினா'. சமையல் சோடா 'பைகார்பனேட் ஆஃப் சோடா'. 'யெல்லோ ஸ்ப்ளிட் பீஸ்' கடலைப்பருப்பு மாதிரியே இருக்கும், அது பட்டாணிப் பருப்பு. உளுந்து 'உரித்' என்று எழுத்து மாறியிருக்கும்.

பணம் மிச்சமாகும் இடம் இது. ஒரே பொருளுக்கு ஒரே கடையில் இரண்டு பெயர், இரண்டு விலை. மசாலா அலமாரியில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் 'கிரவுண்ட் கோரியாண்டர்'. 'வேர்ல்ட் ஃபுட்ஸ்' வரிசையில் பெரிய பொட்டலத்தில் 'தனியா பவுடர்'. மஞ்சளும் அப்படித்தான், 'டர்மரிக்' ஒரு பக்கம், 'ஹல்தி' ஒரு பக்கம். அலமாரி விலைச்சீட்டில் சின்ன எழுத்தில் 100 கிராமுக்கு என்ன விலை என்று இருக்கும். அதை ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

'ஏஷியன் ஷாப்' என்றால் இங்கே பெரும்பாலும் நம் துணைக்கண்டத்துக் கடை. அங்கே ஆங்கிலமும் உதவாது, தமிழும் உதவாது: பாகற்காய் 'கரேலா', சுரைக்காய் 'தூதி', வெந்தயக்கீரை 'மேத்தி'. லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் இருந்தால் கவலையில்லை, ஈழத்தமிழர் கடைகளில் முருங்கைக்காயை முருங்கைக்காய் என்றே கேட்கலாம். அங்கே வெறுமனே 'பருப்பு' என்று கேட்டால் மைசூர் பருப்பைத்தான் முதலில் எடுப்பார்கள். சாம்பாருக்கு என்றால் துவரம்பருப்பு என்று முழுசாகச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மளிகை வாங்கலாம் என்று இருக்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் அன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், மாலை 6 மணிக்குள் மூடிவிடும். ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் இல்லை.

9. குடிக்க என்ன வேண்டும்

மது தொடாதவர்கள் கவனிக்க: 'சைடர்' ஆப்பிள் ஜூஸ் மாதிரி தெரியும், இங்கே அது மது. 'ஷாண்டி'யில் பீர் இருக்கிறது. 'பிட்டர்' பீர், ஆனால் 'பிட்டர் லெமன்' வெறும் சோடா பானம். 'ஜிஞ்சர் பீர்' பெரும்பாலும் மதுவில்லாதது, மது சேர்த்த வகையும் விற்கிறது, புட்டியைப் பாருங்கள்.

'லெமனேட்' கேட்டால் நம் எலுமிச்சைச் சாறு வராது, நுரைக்கும் சோடா வரும். 'ஸ்குவாஷ்' தண்ணீர் கலந்து குடிக்கும் பழரசம், காய்கறி வரிசையில் அதே பெயரில் பூசணி வகை. ஸ்காட்லாந்தில் 'ஜூஸ்' என்றால் கோலாவாகவும் இருக்கலாம். பழச்சாறு வேண்டுமானால் 'ஃப்ரெஷ் ஆரஞ்சு' என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

தண்ணீர் கேட்டதும் 'ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?' என்பார்கள். எதைச் சொன்னாலும் பாட்டில் வரும், பில்லிலும் ஏறும். 'டேப் வாட்டர், ப்ளீஸ்' என்று சொல்லுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் மது விற்கும் உரிமம் உள்ள உணவகங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும்.

10. பில் வரும்போது

நம் ஊர் 'பார்சல்' இங்கே தபாலில் வருவது. எடுத்துக்கொண்டு போக 'டேக் அவே'. ஸ்காட்லாந்தில் 'கேரி-அவுட்' என்பார்கள், சில வாய்களில் அது கடையில் வாங்கிப் போகும் மதுவையும் குறிக்கும். 'ஹோட்டல்' என்று கேட்டால் தங்குமிடம் காட்டுவார்கள்.

கவுன்டரில் 'ஈட் இன் ஆர் டேக் அவே?' என்று கேட்பது மரியாதைக்கு மட்டும் இல்லை. குளிர்ந்த சாண்ட்விச்சை எடுத்துப் போனால் பொதுவாக வரி இல்லை. அதையே உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டால் 20 சதவீதம் வாட் சேரும், அதனால் பல கடைகளில் இரண்டு விலை. சூடான சாப்பாட்டுக்கு எப்படியும் வரி உண்டு. லண்டன் உணவகங்களில் பில்லின் அடியில் 'டிஸ்க்ரெஷனரி சர்வீஸ் சார்ஜ்' என்று 12.5 சதவீதம் போடுவது வழக்கம். 'டிஸ்க்ரெஷனரி' என்று இருந்தால் உங்கள் விருப்பம்தான், எடுத்துவிடச் சொல்லலாம். கொடுத்தால் அதற்கு மேல் டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை.